கழுவிய பரணி

வஞ்சியூரில் உள்ள ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்முற்றத்தில், துணி துவைக்கும் கல்லின்மேல், ஒரு சாண் உயரமுள்ள பழுப்புநிறப் பீங்கான் பரணி வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இருமுறை சோப்பு நீராலும் ஒருமுறை கொதிநீராலும் கழுவப்பட்ட பரணி. கண்புரை அறுவை முடிந்து இரண்டு நாள் கழித்து வீடு திரும்பிய அம்மச்சி, கறுப்புக் கண்ணாடியைச் சற்றே உயர்த்தி அதைப் பார்த்தார். பிறகு மாடி அறையில் குடியிருக்கும் ஆய்வு மாணவியிடம் கேட்டார்: “அதுல இருந்தது எங்க, மக்களே?”

மாணவி நாகர்கோவிலைச் சேர்ந்தவள். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். அம்மச்சி இல்லாத நாளில் அவருக்கு உதவியாக இருக்கட்டுமென்று குளிர்பெட்டியைத் துடைத்தாள். அடித்தட்டின் மூலையில் இருந்த பரணியைத் திறந்ததும் புளிப்பும் காரமுமான நெடி முகத்தில் அடித்தது. மேலே சாம்பல்நிற நீர் நின்றது. கெட்டுவிட்டது என்று முடிவுசெய்ய அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடம் நீராவியழுத்தத்தில் கண்ணாடிக்கலங்களைத் தூய்மை செய்பவளின் கை அது. கழுவுதொட்டியில் கொட்டினாள், சுடுநீர் விட்டாள்.

அம்மச்சி வைய முனையவில்லை. “போட்டு, மக்களே. பரணி உடையலயே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கச் சென்றார். அன்றிரவு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிய மகள்தான் மற்றதைச் சொன்னாள். பரணியில் இருந்தது மட்டு. ஞாயிறுதோறும் அப்பத்துக்கு மாவு புளிக்கவைப்பது அதுதான். அதற்கான கள்ளைக் கடைசியாக வாங்கிவந்தவர் அம்மச்சியின் கணவர். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அந்த வீட்டுக்குள் கள் வரவில்லை. பரணி மட்டும் தொடர்ந்தது.

கள்ளை ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் வெண்குழம்பாகத் தங்குவதை மலையாளத்தில் மட்டு என்பர். காப்பியின் அடிக்கசடுக்கும் அதே சொல்தான். தமிழில் இதற்கு மண்டி என்ற சொல் உண்டு. ஆனால் மட்டு என்ற சொல்லும் தமிழில் மிகப் பழையது. திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து, பின்னாளில் இங்கேயே திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றிய வையாபுரிப்பிள்ளை பதிப்பித்த தமிழ் லெக்சிகனைப் புரட்டினால், மட்டு என்பதற்குக் கள் என்றும் தேன் என்றும் கள் வைக்கும் சாடி என்றும் பொருள்கள் கிடைக்கும். பாரியின் பறம்பைப் பிரிகையில் கபிலர் பாடிய புறப்பாட்டில் வாய் திறக்கப்படுவது இந்த மட்டுதான். மலையாளத்தின் அடிக்கசடும் சங்கத்தின் கள்சாடியும் ஒரே வேரினவா என்பது மொழியியலாருக்கு உரிய வழக்கு. நுண்ணுயிரியல் படித்தவருக்கு மட்டும் இந்தப் பொருள் வரிசை வியப்பைத் தராது. குடிக்கும் நீர், அதை வைத்த கலம், கலத்தின் அடியில் தங்கியது ஆகிய மூன்றிலும் வாழ்வது ஓருயிரே.

அவ்வுயிரை நாம் ஈஸ்ட் என்கிறோம். இலங்கைத் தமிழர் மதுவம் என்கின்றனர். பாளையைச் சீவியதும் சொட்டும் தென்னஞ்சாற்றில் 10 முதல் 15 விழுக்காடு வரை சர்க்கரை இருக்கும். அதில் எவரும் ஈஸ்டைக் கலப்பதில்லை. ஆயினும் மரத்திலிருந்து இறங்குமுன்பே அது நுரைக்கத் தொடங்கிவிடுகிறது. காற்றும் பூச்சியும் பாளையின் தோலும் ஓரளவு காரணம். பெருங்காரணம் கலயம். நேற்றைய கள் அதன் உட்சுவரின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கிறது. இன்றைய சாறு அதன்மேல் விழுகிறது. இதை அறிந்தே, இனிப்பு மாறாத நீர் வேண்டுமெனில் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகின்றனர். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் பெருக முடியாது. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் குமரி மாவட்டத்திலும் அக்கானி எனப்படும் பதநீர் இப்படிக் கிடைப்பதே. ஒரே பனை, ஒரே அரிவாள், ஒரே ஆள். கலயத்துக்குள் என்ன பூசியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று கருப்பட்டியாகிறது, மற்றொன்று கள்ளாகிறது.

வீட்டில் பியர் வடிப்பது சட்டப்படி இயலும் நாடுகளில் (பிரிட்டனில் 1963இலும் அமெரிக்காவில் 1978இலும் இதற்குச் சட்டம் தளர்ந்தது) அடிக்கசடை எடுத்து மறுபடி பயன்படுத்துவது ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. நொதித்தல் முடிந்ததும் பியரை வேறு கலத்துக்கு மாற்றுவர். அடியில் எஞ்சும் சேற்றில் தானியப் புரதமும் ஹாப்ஸ் பூவின் துகளும் செத்த செல்களும் உயிருள்ள ஈஸ்டும் கலந்திருக்கும். கொதிக்கவைத்து ஆறிய நீரை அதில் ஊற்றிச் சுழற்றி, கால்மணி நேரம் நிறுத்துவர். கனமான கசடு முதலில் கீழே இறங்கும். பால்போல் மிதக்கும் மேற்பகுதியைக் கண்ணாடிக் குடுவையில் சாய்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓரிரு நாளில் வெண்களிம்பாக ஈஸ்ட் படியும். அதை இரண்டு மூன்று வாரத்துக்குள் பயன்படுத்துவது நன்று. அதற்குமேல் சென்றால் சிறிது சர்க்கரைநீரில் முதலில் விழிக்கச்செய்து, நுரை வருகிறதா எனப் பார்த்துவிட்டே பெருங்கலத்தில் சேர்ப்பர். வீட்டில் வடிப்போர் இந்த வேலையைக் கழுவுதல் என்கின்றனர். உண்மையில் இது அலசுதல்தான். பெரிய மதுவாலைகளில் பி.எச். 2 அளவுக்கு அமிலம் சேர்த்து, ஈஸ்டைத் தப்பவிட்டு பாக்டீரியாவைக் கொல்வதே சரியான பொருளில் கழுவுதல்.

இதில் கையின் பங்கு பலரும் எண்ணுவதைவிடப் பெரிது. ஈஸ்ட் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடியில் இறங்குவதில்லை. விரைந்து திரண்டு இறங்குபவை உண்டு. கடைசிவரை மிதந்து சர்க்கரையைத் தின்பவை உண்டு. ஒவ்வொரு முறையும் அடிமட்டத்தையே அள்ளினால், சில தலைமுறைகளில் வேலை முடியுமுன் இறங்கிப்போகும் ஈஸ்டே மிஞ்சும். பியரில் இனிப்பு தங்கிவிடும். மேற்பரப்பையே எடுத்தால் தெளியவே தெளியாத பியர் வரும். ஆகவே நடுப்படலத்தை எடு என்பது மதுவாலைகளின் பாடம். அப்படி எடுத்தாலும் ஐந்து முதல் பத்துத் தலைமுறைக்குள் பழையதைக் கைவிட்டு, ஆய்வகத்திலிருந்து புதிய வளர்ப்பைத் தொடங்குவது பல ஆலைகளின் வழக்கம்.

அம்மச்சி இதையெல்லாம் படித்தவரல்லர். அவர் செய்துவந்ததை மகள் தொலைபேசியில் விவரித்தபோது மாணவி ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். மேலே நிற்கும் நீரைச் சாய்த்துவிட வேண்டும். கறுத்த அடியைத் தொடக்கூடாது. இடையிலுள்ள வெண்குழம்பில் பாதியை மாவுக்கு எடுத்துக்கொண்டு, பாதியைப் பரணியிலேயே விட்டு, அதன்மேல் ஒரு கரண்டி ஆறிய கஞ்சியும் சுண்டைக்காய் அளவு கருப்பட்டியும் போட வேண்டும். ஓர் இரவு வெளியில், பிறகு குளிர்பெட்டியில். எழுதி முடித்தபின், அந்தச் சாம்பல்நிற நீர் கெட்டதன் அடையாளமன்று, பசித்ததன் அடையாளம் என்பது அவளுக்குப் புரிந்தது. தின்ன ஏதுமின்றி, தான் ஆக்கிய ஆல்ககாலின் அடியில் ஈஸ்ட் உறங்கிக்கொண்டிருந்தது. பாடநூலில் படித்ததுதான். குளிர்பெட்டியின் மூலையில் அதை அடையாளம் காணவில்லை.

தவற்றைச் சரிசெய்ய முதலில் அவள் கடையிலிருந்து உலர் ஈஸ்ட் பொட்டலம் வாங்கிவந்தாள். பச்சரிசியும் தேங்காயும் அரைத்து, ஒரு பிடி மாவைக் கூழாகக் கிண்டிச் சேர்த்தாள். இந்தக் கூழைக் கேரளத்தில் கப்பி காய்ச்சுதல் என்பர். வெந்த மாச்சத்து மாவுக்குப் பிடிப்பைத் தருகிறது. காற்றுக்குமிழ்கள் உடையாமல் நிற்கின்றன. இரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கி வழிந்தது. அப்பத்தின் ஓரம் வலைப்பின்னலாக மொறுமொறுத்தது, நடு பஞ்சாக இருந்தது. அம்மச்சி ஒன்றை எடுத்துப் பாதி தின்றார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். மீதிப் பாதி தட்டிலேயே கிடந்தது.

அதில் குறைந்தது எது என்பதற்கு ஆய்வக மொழியில் விடை எளிது. பொட்டலத்தில் இருப்பது ஒரே வகை ஈஸ்ட். கள்ளின் மட்டில் இருப்பது ஒரு குடியிருப்பு. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்டோடு, லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்களும், ஈஸ்டைப் போலவே சர்க்கரையை ஆல்ககாலாக்கும் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்னும் பாக்டீரியாவும், காலம் கடந்தால் எல்லாவற்றையும் காடியாக்கிவிடும் அசிட்டிக் அமில பாக்டீரியாக்களும் அதில் உண்டு. பொங்கவைப்பதற்கு ஈஸ்ட் ஒன்றே போதும். புளிப்புக்கும் மணத்துக்கும் மற்றவை வேண்டும். மதுவாலை அமிலமிட்டுக் கொல்லும் அதே கூட்டத்தைத்தான் அப்பம் சுடுபவர் பேணி வளர்க்கிறார்.

மதுவாலைகளுக்கான ஈஸ்டின் தூய வளர்ப்பு கோபன்ஹேகனில் பிறந்தது. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883இல் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து ஈஸ்டைப் பெருக்கிக் காட்டினார். அதற்குமுன் பியர் திடீரெனக் கசந்துபோவதற்குக் காட்டு ஈஸ்டுகள் காரணம் என்று அவர் கண்டதே அதன் தொடக்கம். அறிவியலுக்கு அது பெரும் வெற்றி. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. ஆனால் அந்த ஆலையின் ஈஸ்டே வந்த வழி வேறு. அதன் நிறுவனர் ஜே. சி. யாக்கப்சன் 1845இல் மியூனிக் நகரிலிருந்து மட்டைத் தகரக்கலத்தில் அடைத்து, குதிரைவண்டி நின்ற இடமெல்லாம் குளிர்நீர் ஊற்றி, டென்மார்க் வரை கொண்டுவந்தார் என்பது அவர்கள் பெருமையோடு சொல்லும் கதை. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைவீடுகளில் முன்பு மரவளையங்களில் தோய்த்து உலர்த்திய க்வைக் என்னும் ஈஸ்டை இன்றும் தலைமுறைகளாக வைத்திருக்கின்றனர். ஒரு வீட்டில் அது கெட்டுவிட்டால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்வர். நம்மூரில் உறைமோருக்குக் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவதைப் போலத்தான்.

வீட்டில் மது ஆக்குவது தமிழுக்கும் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இல்லத்தில் ஆக்கிய தோப்பி என்னும் நெற்கள் வருகிறது. அதே பாட்டில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் வடிக்கும் முறையே ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டுகளில் ஆறவைத்து, அதில் அடையைப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வாய்வலிய சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். அந்த அடை நெல்முளையைக் கொண்டது என்பது வழக்கமான உரை. அது அறிவியலுக்கும் ஒத்துவருகிறது. ஈஸ்டால் மாச்சத்தை நேரடியாகத் தின்ன முடியாது. முளையிலுள்ள நொதிகளே அதைச் சர்க்கரையாக உடைக்கின்றன. களியைத் துழாவும் அந்தப் பெண்ணுக்கும் கப்பி காய்ச்சும் இந்தப் பெண்ணுக்கும் செய்முறையில் அதிகத் தொலைவில்லை. பாட்டில் சொல்லப்படாதது ஒன்றே: ஈஸ்ட் எங்கிருந்து வந்தது? புலவர் அதைத் தேடவில்லை. அவர் சாடியின் வாயைப் பற்றிச் சொன்னார். அந்தச் சாடியை எவரும் கொதிநீரால் கழுவியிருக்கமாட்டார்கள் என்று நாம் ஊகிக்கலாம்.

இன்று கேரளத்தில் அந்த வலைஞர் வீட்டுச் சாடி சட்டத்துக்குப் புறம்பானது. கொச்சி அரசு கொல்லம் ஆண்டு 1077இல் (பொ.ஆ. 1902) இயற்றிய அப்காரிச் சட்டம் பின்னர் கேரளம் முழுமைக்கும் விரிந்தது, உரிமமின்றி வீட்டில் மது ஆக்குவது அதன்படி குற்றம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை வைன் போடும் வழக்கம் இதனால்தான் ஆண்டுதோறும் பேச்சுக்கு உள்ளாகிறது. 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தபோது அது பெரிய விவாதமாகவே ஆயிற்று. அம்மச்சி வீட்டிலும் ஒரு காலத்தில் வைன் பரணி இருந்தது. நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. சட்டம் ஆல்ககாலைத்தான் அளக்கிறது. அப்பமாவில் எத்தனை தலைமுறை ஈஸ்ட் குடியிருக்கிறது என்று அது கேட்பதில்லை. வீட்டு மதுவின் மரபில் இங்கே எஞ்சியிருப்பது தோசைக்கல்லுக்கு அருகில்தான்.

இரண்டாம் முயற்சியாக மாணவி உடன்படிக்கும் நண்பனை அனுப்பி, உரிமம் பெற்ற ஷாப்பிலிருந்து ஒரு குப்பி கள் வாங்கினாள். இம்முறை மணம் வந்தது. அம்மச்சி முழு அப்பம் தின்றார். எல்லாம் சரியாயிற்று என்று அவள் நினைத்தாள். இரண்டாம் ஞாயிறும் ஒருவாறு கடந்தது. மூன்றாம் ஞாயிறு மாவு உப்பவில்லை. புளிப்போ பல்லைக் கூசவைத்தது. பாக்டீரியா ஈஸ்டை முந்திவிட்டது. திருவனந்தபுரத்தின் வெப்பத்தில் இது மணிக்கணக்கில் நடந்துவிடும். கஞ்சி எப்போது விடுவது, எத்தனை நாழிகை வெளியில் வைப்பது, எந்தப் படலத்தை எடுப்பது என்பனவெல்லாம் தாளில் எழுதப்பட்டிருந்தன, கையில் இல்லை. அம்மச்சி பரணியை முகர்ந்து பார்த்துவிட்டு, மேல்நீரைச் சாய்க்க ஒருநாள் பிந்திவிட்டாய் என்றார். பிறகு, நெடுநேரம் கழித்து, வேறெதையோ பேசுபவர்போலச் சொன்னார்:

“மார்த்தாண்டத்துல கேட்டுப் பாரு. அவளுக்கு நான் குடுத்திருக்கேன்.”

அவள் என்றது அம்மச்சியின் நாத்தனாரை. பல ஆண்டுகளுக்குமுன் அண்ணன் வீட்டுக்கு வந்தவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மட்டு வாங்கிச் சென்றார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே மார்த்தாண்டத்துச் சமையலறையில் அந்த மட்டு ஒருநாளும் கள்ளைக் கண்டதில்லை. கஞ்சியும் கருப்பட்டியுமே அதன் உணவு. ஓர் எல்லைக்கோட்டுக்கு அப்பால், தன் பிறப்பிடமான பானம் விலக்கப்பட்ட மண்ணில், அது அடுப்படியில் தங்கிவிட்டது. அண்ணன் இறந்த செய்தி வந்த வாரத்தில் மட்டும் அதற்குக் கஞ்சி விடவில்லை என்று நாத்தனார் பின்னர் மாணவியிடம் சொன்னார். ஆனாலும் அது சாகவில்லையாம்.

அது அதே ஈஸ்ட்தானா என்ற கேள்வி மாணவிக்கு எழாமல் இல்லை. கஞ்சியோடும் கையோடும் காற்றோடும் வேறு ஈஸ்டுகள் நுழைந்திருக்கலாம். ஒன்பது ஆண்டில் பழையது முழுவதும் நீங்கிப் புதியது அமர்ந்திருக்கலாம். கோயிலின் அணையாவிளக்கில் எண்ணெயும் திரியும் எத்தனை முறை மாறினாலும் விளக்கு ஒன்றென்று சொல்கிறோமே, அந்தப் பொருளில் மட்டுமே இது ஒன்று. மரபணு வரிசையைப் படித்தால் ஓரளவு விடை கிடைக்கும். ஆனால் ஒப்பிட மூலப்பரணியின் மாதிரி வேண்டும். அதை அவளே கொட்டிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவள் மார்த்தாண்டம் சென்றாள். பாட்டிலின் மூடியை இறுக்கவேண்டாம், வாயில் துணியைக் கட்டு என்று நாத்தனார் சொன்னார். அது சரி, மூடியை இறுக்கினால் கரியமிலவாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். தம்பானூருக்குச் செல்லும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். யாக்கப்சனுக்கு வண்டி நின்ற இடங்களில் குளிர்நீர் கிடைத்தது. இவளுக்கு ஈரத்துண்டு ஒன்றுதான். களியக்காவிளையில் எவரும் எதையும் கேட்கவில்லை. பாறசாலை தாண்டியதும் பக்கத்திலிருந்த பெண்மணி மூக்கைச் சுளித்து, பாட்டிலையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்பத்துக்கு” என்றாள். அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. நெய்யாற்றின்கரையில் இறங்கும்வரை பேசவில்லை.

வீட்டில் அம்மச்சி துணியை அவிழ்த்து முகர்ந்தார். ஏதும் சொல்லவில்லை. பரணியைக் கொண்டுவரச் சொன்னார். மேல்நீரைச் சாய்த்தார். சிகிச்சை முடிந்த கண்ணால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, கறுத்த அடி எங்கே முடிகிறது என்று பார்த்தபின், மரக்கரண்டியை இறக்கி நடுவிலிருந்து எடுத்தார். பாதி பரணிக்குப் போயிற்று. மாணவி கிளிசரின் கலந்த சிறு குழாய்கள் இரண்டை ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்தாள். மைனஸ் 80 பாகையில் வைத்தால் பல்லாண்டு உயிரோடிருக்கும் என்றாள். அம்மச்சி அவற்றிலும் சில துளிகள் விட அனுமதித்தார். “இதுல அப்பம் சுடலாமா?” என்று கேட்டார். சுடலாம், முதலில் எழுப்பவேண்டும் என்றாள் மாணவி. இன்னொரு கரண்டி, எதிர்வீட்டுக்காரிக்கென்று ஒரு கிண்ணத்துக்குப் போயிற்று, அவர் கேட்கவேயில்லை.

மறுநாள் அப்பம் முடிந்தபின், ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திருப்பி அனுப்ப மாணவி கழுவுதொட்டிக்குக் கொண்டுசென்றாள். அம்மச்சி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடியில் விரல்கடை அளவு ஒட்டியிருந்ததன்மேல் ஒரு கரண்டி ஆறிய கஞ்சியை ஊற்றி, ஒரு துண்டு கருப்பட்டி போட்டு, வாயில் துணியைக் கட்டி, மார்த்தாண்டம் போகும் யாரிடமாவது கொடுக்கச் சொன்னார்.